நண்டு மாமாவின் பாடு

டிவி ஓடவில்லை. மத்தியானமே கரண்ட் போயிருந்தது. ஆனாலும் சுபஸ்ரீ அதன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலது கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி பாதியில் நிறுத்தி வைத்திருந்தாள்.

"நின்னுபோன டிவில இன்னாடி பாக்குற?" இறால் உரித்துக்கொண்டே அதட்டினாள் ஜமுனா.

"நண்டு மாமா கூப்புடறாரும்மா."

ஜமுனாவுக்குச் சிரிப்புதான் வந்தது. போன வாரம் சினிமாக்காரர்கள் வந்து, அவள் வீட்டுக் கூடத்தை டிவி ஸ்டேஷன் மாதிரி ஜோடித்துப் படம் பிடித்துவிட்டுப் போயிருந்தார்கள். கொக்கு மாமா, நண்டு மாமா என்று டிவியில் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்துகிற இரண்டு பேர், பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுக்க ஒருத்தன் காலை ஒருத்தன் வாரி, கடைசியில் கொலைவரைக்கும் போகிற காமெடிப் படமாம். கொலையில் என்ன காமெடியோ, கர்மம்! "யாரு என் புள்ள?" என்று மாமா கேட்டதும் பிள்ளைகள் கை தூக்க வேண்டும். கோட்டைக்குப்பத்துப் பிள்ளைகள் பூராவும் அன்று இங்கேதான் கிடந்தன. ஜமுனா மீன் கூடையோடு பொன்னேரிக்குப் போய்விட்டதால் எதையும் பார்க்கவில்லை.

"படந்தான் முடிஞ்சி போச்சே. எந்திரி."

"இன்னிக்கி நண்டு மாமா பாடும்மா. கொக்கு மாமா பாடு நேத்தே முடிஞ்சி போச்சு."

இறால் ஜமுனாவின் கையிலிருந்து நழுவியது. ஏரியில் இன்றைக்கு இன்னார்தான் வலை போடலாம் என்று ஊர் கூடிப் பிரித்துக் கொடுக்கிற முறைக்குப் பெயர் பாடு. அது ஏரியில் இறங்குகிறவர்கள் பேச்சு. சென்னையிலிருந்து வேனில் வந்து இறங்கியவர்களுக்கு அந்த வார்த்தை எப்படித் தெரியும்?

"யாருடி சொல்லிக் குடுத்தது?"

"நண்டு மாமாதான்."

"உங்க நைனா வரட்டும், முதுகுத் தோல உரிக்கச் சொல்றேன்." திட்டினாளே தவிர, குரலில் பலமில்லை. புருஷன் திருவேங்கடம் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை முடிந்து வர இன்னும் நேரம் இருந்தது. வெளியே மழைக்கு முந்திய மங்கல் வெளிச்சம். உள்ளே, படம் பிடித்த அன்றிலிருந்து எத்தனை முறை பினாயில் ஊற்றிக் கழுவியும் போகாத ஏரிச் சேற்று வாடை, உரித்த இறால் வாடையையும் மீறிக்கொண்டு, டிவி வைத்திருந்த மூலையிலிருந்து கூடம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. கூடவே ஒரு சத்தம். டைல்ஸ் தரையில் கனமான எதையோ கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, மறுபடியும் இழுக்கிற சத்தம்.

கொக்கு மாமாவாக நடித்த ஜெகதீஸ்வரன் நல்ல பையன். சுபஸ்ரீயிடம் ஒட்டிக்கொண்டு, சாயங்காலம் ஜமுனா திரும்பி வந்ததும் அவளிடம் நம்பர் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஜமுனா அவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"தம்பி, அந்த நண்டு வேஷம் கட்னவரு யாருப்பா? புள்ள எந்நேரமும் அவரையே சொல்லிக்கினு கீது."

"நண்டு மாமாவா? அதுக்கு இன்னும் ஆளே கிடைக்கலக்கா. அன்னிக்கு என் சீன் மட்டுந்தான் எடுத்தோம்."

மூலையில் இழுக்கிற சத்தம் நின்றது.

சுபஸ்ரீயின் கை இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. ஜமுனா பாய்ந்து அதைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். இறங்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளையின் கை, துடுப்புக் கட்டை மாதிரி விறைத்து நின்றது. ஐயோ, என் பிள்ளையைக் கேட்கிறதே! இந்தக் கை முழுசாக ஏறிவிட்டால் இவள் எனக்கு இல்லை. எப்படித் தெரிந்தது என்று தெரியாது. தெரிந்தது.

"தம்பி, நீ கூப்புடு! அந்த வசனத்தச் சொல்லு, உன்கிட்ட வரட்டும்! உன் கால்ல வுழறேம்பா!"

"அக்கா, இன்னாச்சு? அழுவாதீங்க... இதோ, இதோ சொல்றேன்." அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கொக்கு மாமாவின் கீச்சுக் குரலில் பாடினான். "செல்லங்களா! யாரு என் புள்ள?"

சுபஸ்ரீயின் முகம் மலர்ந்தது. வலது கை தொப்பென்று விழுந்தது. இடது கையைப் போனை நோக்கித் தூக்கினாள். "நான்!"

ஜமுனா மகளை மடியில் இழுத்துப்போட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பாடா. பிள்ளை கிடைத்துவிட்டாள். உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள்.

"ஏம்மா அவரக் கூப்ட்டே?" சுபஸ்ரீ மெதுவாகக் கேட்டாள். "இன்னிக்கி அவரு பாடு இல்லியே."

மீனவப் பெண்தானே ஜமுனா? அடுத்தவன் பாடு நாளில் வலை போட்டால் ஊர் என்ன செய்யும் என்று தெரியாதா? வலையைப் பிடுங்கும். வலையில் விழுந்த மீனையும் பிடுங்கும். இரண்டையும் அன்றைக்குப் பாடு யாருடையதோ அவனிடம் கொடுத்துவிடும்.

"அக்கா..." போனில் ஜெகதீஸ்வரன். "இங்க தரையெல்லாம் தண்ணி... எங்கிருந்து..."

சளக் சளக்கென்று ஒரு சத்தம்.

பிறகு அந்தக் குரல். போனிலிருந்தும். மூலையிலிருந்தும். ஒரே நேரத்தில்.

"யாரு என் புள்ள?"

"நான்," என்றான் ஜெகதீஸ்வரன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் குரல். "நான், மாமா. நான்."

"வேணாண்டி," என்றாள் ஜமுனா. "கண்ணு, வேணாண்டி."

சுபஸ்ரீ இரண்டு கைகளையும் தூக்கினாள். தூக்கிக்கொள்ளச் சொல்லும் கைக்குழந்தை மாதிரி.

ஜமுனா மகளின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இறுக்கினாள்.

பிள்ளையின் அக்குள்களுக்குக் கீழே, கவுன் துணி, கொடுக்கில் பிடித்த மாதிரி, இரண்டு பக்கமும் நசுங்கியது. ஈரமானது. மடி லேசானது. ஜமுனாவின் கைகளுக்குள்ளேயே, சிரித்தபடி, சுபஸ்ரீ மேலே எழும்பினாள்.