ஆட்சேபம் இல்லை

வங்கியில் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தி. நகரிலிருந்து ஆட்டோ பிடித்து, ஹம்சினி ஆழ்வார்பேட்டையில் தன் குடியிருப்பு வாசலில் இறங்கியபோது மணி இரண்டரை. சித்திரை வெயிலில் தெருவில் ஈ காக்கை இல்லை. கேட்டுக்குப் பக்கத்துப் பலகையில், பகல் இரண்டு முதல் நான்கு வரை அமைதி நேரம், மிக்ஸி ஓட்டுவதும் ஆணி அடிப்பதும் உரக்கப் பேசுவதும் கூடாது என்று எழுதியிருந்தது. காவலுக்கு உட்கார்ந்திருந்த சர்தார்கூட அதை மதித்துத் தணிந்த குரலில்தான் கேட்டார்.

"இன்னா மேடம், இன்னிக்கு சீக்கிரம் வந்துட்டீங்க?"

"தலைவலி" என்றாள்.

பொய்யில்லை. பத்து நாளாகவே அவளுக்குத் தலைவலிதான். பத்து நாளைக்கு முன்பு கீழ்வீட்டு ஜமீலுன்னிசா அவளைப் படிக்கட்டில் நிறுத்தி, மிகவும் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். மத்தியானத்தில் மாடியில் பேச்சும் சிரிப்புமாக இருக்கிறது, கொஞ்சம் மெதுவாகப் பேசிக்கொண்டால் தொழுகை முடிந்து ஒரு தூக்கம் போடலாம் என்றார். மத்தியானம் ஹம்சினி வங்கியில் அல்லவா இருக்கிறாள்?

கணவன் குருபிரசாத்துக்கு அமெரிக்கக் கம்பெனியில் இரவு வேலை. வீட்டிலிருந்தே ஒன்பதரைக்கு ஆரம்பித்து விடியும்வரை செய்வான். பகலெல்லாம் தூக்கம். அவள் காலையில் கிளம்பினால் திரும்ப ஆறரை ஆகும். ஏழிலிருந்து ஒன்பது வரை, அந்த இரண்டு மணி நேரம்தான் அவளுக்குக் கிடைத்த புருஷன்.

பேச்சைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. கல்யாணமாகி எட்டு மாதத்தில் குருபிரசாத் அவளிடம் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சிரித்ததில்லை. கேட்டதற்குப் பதில், கொடுத்ததற்கு ஒரு "நன்னாருக்கு", அவ்வளவுதான். அவனுக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி ஸ்ரீலக்ஷ்மி நான்கு வருஷத்துக்கு முன் டெங்குவில் போய்விட்டாள். சம்மதம் சொன்னபோது, செத்துப்போனவளோடு எனக்கென்ன போட்டி என்று ஹம்சினி தோழிகளிடம் கெத்தாகச் சொல்லியிருந்தாள். இப்போது உயிரோடு எவளோ ஒருத்தி வந்துவிட்டாள் என்று வயிறு எரிந்தது. கையும் களவுமாகப் பிடிக்கத்தான் இந்த அரை நாள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினாள். இரண்டாம் மாடியில், சொல்லி வைத்திருந்தபடி, ஜமீலுன்னிசா கதவை ஒருக்களித்துக் காத்திருந்தார். உதட்டில் விரல் வைத்து, உள்ளே வா என்று சைகை காட்டினார்.

திரைச்சீலை இழுத்த கூடம் அரையிருட்டாக இருந்தது. ஃபேனையும் நிறுத்தியிருந்தார். இருவரும் நிமிர்ந்து கூரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

மேலே ஒரு நாற்காலி நகர்ந்தது.

பிறகு பேச்சு. வார்த்தை புரியவில்லை. ஆனால் ஒரு பெண், நிறுத்தாமல், கதை சொல்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு ஆண் சிரித்தான். மூச்சு வாங்கும்வரை, இருமல் வரும்வரை சிரித்தான். குருபிரசாத்தின் இருமல்தான் அது. இவ்வளவு சிரிப்பு அந்த மனுஷனுக்குள் இருந்ததா, அதில் ஒரு துளிகூட எனக்கு இல்லையா என்றிருந்தது ஹம்சினிக்கு.

நாலே எட்டில் மாடி ஏறினாள். சாவியைப் போட்டுக் கதவைத் தள்ளினாள்.

சத்தமே இல்லை.

கூடத்தில் யாரும் இல்லை. நாற்காலிகள் மேஜையோடு ஒட்டி இருந்தன. குளியலறை, பால்கனி, துணி அலமாரி எல்லாம் பார்த்தாள். படுக்கையறையில் ஏசி குளிரில் குருபிரசாத் சுவரைப் பார்த்துப் படுத்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். தூக்கத்தில் உதடு லேசாக விரிந்திருந்தது. அறையில் டால்கம் பவுடர் வாசனை. ஹம்சினி பவுடர் போடுவதில்லை.

பக்கத்திலிருந்த தன் தலையணையில் கை வைத்துப் பார்த்தாள்.

சூடாக இருந்தது.

எப்படிக் கீழே இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. ஜமீலுன்னிசா வாசலிலேயே நின்றிருந்தார். ஹம்சினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மேலே யாருமே இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கூரையிலிருந்து அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது.

"போயிட்டாளா?"

அதைத் தொடர்ந்து, அவன் சிரிப்பு.

ஜமீலுன்னிசா ஹம்சினியை இழுத்துச் சோபாவில் உட்கார வைத்து, தானும் உட்கார்ந்தார்.

"மொதல்ல உன் குரல்னுதாம்மா நினைச்சேன்" என்று கிசுகிசுத்தார். "இது ஸ்ரீலக்ஷ்மி. அது பேச்சு எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷம் மேல குடியிருந்துச்சு."

"என்ன ஆன்ட்டி சொல்றேள்?"

"அந்த ரெண்டு டு நாலு ரூல் யாரு போட்டதுன்னு நினைக்கிறே? அதுதான். அப்ப அது நம்ம பில்டிங் சங்கத்துக்கு செக்ரட்டரி. வூட்டுக்காரர் தூங்கணும்னு சொல்லி மொத்த பில்டிங் வாயையும் மூட வச்சுச்சு. அப்புறம் பார்த்தா, அவர் எங்க தூங்குனாரு? ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்கினே இருப்பாங்க. அவங்களுக்குக் கிடைச்ச நேரமே அதான்."

"நீங்க யாரும் ஒண்ணும் கேக்கலையா?"

"செக்ரட்டரியை யாரு கேக்கறது? ஆனா ஒண்ணு. எழுதிக் கொடுத்திருந்தா மறுநாளே நிறுத்தியிருக்கும். எழுத்துல வந்துட்டா அது தன் புருஷனைக்கூட விடாது. எழுதாததுக்கு யார் சொன்னாலும் அசையாது."

வேறொருத்தியாக இருந்தால் கோயிலுக்கு ஓடியிருப்பாள், இல்லை அம்மா வீட்டுக்கு. ஹம்சினி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். பொறாமை வந்தவளுக்குப் பயம் இரண்டாம்பட்சம். வங்கியில் பன்னிரண்டு வருஷமாகக் கடிதம் எழுதிப் பழகியவள். தன் வீட்டின் மேலேயே புகார் எழுதினாள். மூன்றாம் மாடி வீட்டில் வசிக்கும் பெண்மணியும் ஆணும் பகல் இரண்டு முதல் நான்கு வரை பேசிச் சிரிப்பது விதிக்கு விரோதமானது, உடனே நிறுத்த வேண்டும். இப்படி முடித்தால் மொட்டையாக இருக்கிறதே என்று, வங்கிப் பழக்கத்தில், கடைசியில் மரியாதைக்கு ஒரு வரி சேர்த்தாள். "மாலை நேரங்களில் அவர்கள் பேசிக்கொள்வதில் எங்களுக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை." ஜமீலுன்னிசா கையெழுத்துப் போட்டார்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் வேம்பு மாமா கடிதத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"நீயே உங்காத்து மேல புகார் கொண்டு வரயேம்மா?"

"அவர்ட்ட நேர்ல சொன்னா சண்டை வரும் மாமா. நோட்டீஸா வந்துட்டா பேச்சில்லை."

மாமாவுக்கு அது நியாயமாகப் பட்டது. கடிதத்தை அப்படியே, ஒரு வரி விடாமல் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, அன்று சாயங்காலமே மூன்றாம் மாடிக் கதவில் ஒட்டச் சொல்லிவிட்டார். குருபிரசாத் அதைப் படித்துவிட்டு, "நான் தூங்கிண்டுதானே இருக்கேன்" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் மூன்று மணிக்கு வங்கியில் அவள் கைபேசி அடித்தது.

"ஒரு சத்தம் இல்லம்மா" என்றார் ஜமீலுன்னிசா. "நாற்காலிகூட நகரல. நிறுத்திருச்சு."

ஹம்சினி கைபேசியை வைத்துவிட்டு, வாடிக்கையாளர் முன்னாலேயே சிரித்துவிட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது. வரும் வழியில் இரண்டு முழம் மல்லிகை வாங்கினாள். வீட்டுக்கு வந்து அவனுக்குப் பிடித்த அடையும் அவியலும் செய்தாள். புடவை மாற்றினாள். ஏழு மணிக்கு இருவரும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

குருபிரசாத்தின் முகம் தெளிந்திருந்தது. அவள் வங்கிக் கதை ஒன்றை ஆரம்பித்தாள். டோக்கன் எண்ணை மாற்றிப் படித்து மேனேஜரிடம் சண்டைக்குப் போன ஒரு பெரியவர் கதை. பாதியில் அவன் சிரித்தான். வாய்விட்டு, தோள் குலுங்க, இருமல் வரும்வரை.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு மாதம் காத்திருந்தது வீண் போகவில்லை என்று நினைத்தாள்.

ஆனால் அவள் கதையில் சிரிப்பு வரும் இடம் இன்னும் வரவில்லை.

அவன் அவளைப் பார்க்கவும் இல்லை. அவளுக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ கேட்டுத் தலையாட்டினான். "அப்புறம்?" என்றான். ஹம்சினியின் காதில் எதுவும் விழவில்லை. கீழே இருப்பவர்களுக்கு விழும் போலிருக்கிறது. கைபேசியில் ஜமீலுன்னிசாவின் செய்தி வந்து நின்றது. "இப்ப நீ வீட்ல இருக்கியாம்மா? அது குரல்தான் கேக்குது, உன் குரல் கேக்கலையே."

"ஏன்னா" என்று கூப்பிட்டாள்.

அவன் திரும்பவில்லை.

"ஏன்னா, இங்க பாருங்கோ. நான் பேசிண்டிருக்கேன்."

அவன் புருவம் சுருங்கியது. பேச்சுக்கு நடுவில் தெருவில் யாரோ ஹாரன் அடித்தால் சுருங்குமே, அந்த மாதிரி. பிறகு மறுபடி அந்த நாற்காலியைப் பார்த்து முகம் மலர்ந்தது.

பவுடர் வாசனை அவள் கன்னத்துக்கு மிக அருகே வந்தது. 'மாலை நேரங்களில்' என்று மரியாதைக்குத் தான் சேர்த்த அந்தக் கடைசி வரி அவளுக்கு ஞாபகம் வந்தது.

இது என்னுடைய இரண்டு மணி நேரம் என்று கத்திவிட ஹம்சினி வாயைத் திறந்தாள். ஒரு விரல் அவள் உதட்டின் குறுக்கே படிந்து, மெல்ல அழுத்தி, வாயை மூடியது.

குருபிரசாத்தின் இரண்டு கைகளும் மேஜைமேல், அவள் கண்ணெதிரே இருந்தன.