கோவளத்துச் சேறு

குழாயைக் கீழே போட்டவன் தயாளன்தான். கோவளத்துக் கடலடியில் இறக்கி, சேற்றை அடுக்குக் குலையாமல் எடுத்துவந்த குழாய். மேலடுக்கு கெட்டியா கொழகொழவா என்று பார்த்துத்தான் அந்தத் தரை தாங்குமா, சரியுமா என்று அசரியா சார் சொல்வார். தயாளன் ஒரு தும்மல் தும்மினான். கடலடி முழுக்கத் தாம்பரம் ஆபீஸ் தரையில் சட்னி. அள்ளித் திணித்தான். எந்த முனை மேல்? கடவுளுக்கு வெளிச்சம். ஒன்றில் 'மேல்' என்று சீட்டு ஒட்டினான்.

"மேல கெட்டியாத்தான் இருக்கு. ஆபத்தில்லை. படகு ராத்திரிக்கு அங்கேயே நங்கூரம் போடட்டும்" என்றார் சார். தயாளன் தரையில் மிச்சமிருந்த சட்னியைக் காலால் தேய்த்து மறைத்தான்.

படகில் அவன் மச்சான் தேவானந்தம் இருந்தான். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் தயாளனே. வாயைப் பிளந்துகொண்டு மச்சான் விடும் குறட்டையில் மின்சார ரயில் தோற்றுவிடும். வீடு தூங்க வேறு வழியில்லை. "என் தம்பி இன்னிக்கு வந்துடுவான்ல?" என்று மறுநாள் காலையில் மனைவி ஞானஜோதி கேட்டாள்.

அன்று சாயங்காலம் மழை பிடித்தது, கரண்ட் போனது. ஆபீஸில் தனியாக, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், அழுகிய முட்டை நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று மேசையடி, அலமாரி, தன் சட்டை என்று ஒவ்வொன்றாக மோந்துகொண்டே வந்தவன், மூலையில் நின்ற குழாயின் வாயில் சேறு பொங்கிப் புடைத்து, 'ப்ளக்' என்று குமிழி விட்டு அடங்குவதைக் கண்டான். கட்டைவிரலால் அமுக்கினான். அது திருப்பி அமுக்கியது.

காற்று அடைத்திருக்கும் என்று தனக்கே பாடம் நடத்தியபடி தண்ணீர் குடிக்கத் திரும்பினான்.

கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள். இப்போது நிமிர்ந்திருந்தன. சேறு. விளிம்புவரை. கரண்டியால் வழித்துவிட்டதுபோல் சமமாக.

வாசலில் அவன் செருப்பருகே சாரின் மழைபூட்ஸ்.

அதிலும்.

ப்ளக்.

ஜீப் சத்தம். அசரியா சார் உள்ளே வந்தார். வாயை மூடித் துண்டு கட்டியிருந்தார்.

"சார், மச்சான் எங்க?"

"சாப்பிட்டியாப்பா?"

"எல்லாரும் கரைக்கு வந்துட்டாங்களா?"

"மழையைப் பாத்தியா, ரோடே தெரியலை."

"சார்! அந்தச் சீட்டு நான் குத்துமதிப்பா ஒட்டினது. குழாய் கீழ விழுந்துடுச்சு. தேவானந்தம் எங்க, சொல்லுங்க!"

சார் உட்கார்ந்தார். டம்ளர்களைப் பார்த்தார். அவருக்கு ஆச்சரியம் இல்லை.

"அங்க கெட்டித் தரையே இல்லை, தயாளா. விடிஞ்சு பாத்தா, படகுல காலியா இருந்தது எல்லாத்துலயும் சேறு. கெட்டில், வாளி, பூட்ஸ்." துண்டுக்குள் குரல் அடைத்தது. "உன் மச்சான் வாயைத் திறந்துகிட்டுத் தூங்கறவன். விளிம்பு வரைக்கும்ப்பா. சமமா."

தயாளன் அலற வாயைத் திறந்தான். நாக்கில் உப்புக் கரித்தது.