கொழுப்பு இல்லாத சூப்

காலையில் மாமியாரின் வீங்கிய கால் செருப்புக்குள் நுழையவில்லை. அழுத்திய இடம் குழியாகவே நின்றது. மூச்சும் வாங்கியது. இதயம் பலவீனம், உப்பு கூடினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார்.

அம்மாவைப் பார்க்க வந்திருந்த நாத்தனார், மருமகளைத்தான் முறைத்தாள்.

"சமையல் உங்க கையில அண்ணி... நீங்க உப்பைக் கொட்டாம இது எப்படி வரும்? அம்மா போய்ச் சேரட்டும்னு பார்க்கறீங்களா?"

மருமகள் கணவனைப் பார்த்தாள். "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்ல" என்றான் அவன். பதில் பேச இதுவா நேரம்... அவள் மாமியாரைத் தாங்கிப் பிடித்து வண்டியில் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மூச்சு சீரானதும் நர்ஸ் கேட்டாள்.

"வீட்டுச் சாப்பாடு தவிர வேற என்னம்மா சாப்பிடறீங்க?"

"தினம் சாயங்காலம் ஒரு பாக்கெட் சூப். பொண்ணு அனுப்பறது."

"அது நல்ல சூப்புங்க" என்று நாத்தனார் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். "கொழுப்பு துளியும் இல்ல, இதயத்துக்கு இதம்னு போட்டிருக்கு."

நர்ஸ் பாக்கெட்டைத் திருப்பினாள். "கொழுப்பு இல்லைங்கறது நிஜம்தான். உப்பைப் பத்தி முன்னாடி மூச்சே விடல பாருங்க. பின்னாடி சோடியம்னு இருக்கே, அதுதான் உப்புக் கணக்கு. அதுவே ரொம்ப அதிகம், அதுவும் ஒரு கப்புக்கு மட்டும் போட்டிருக்கறது. இந்தப் பாக்கெட் நாலு கப். இவங்க முழுசையும் குடிச்சிருக்காங்க."

நாத்தனாரின் முகம் வெளிறியது.

மாமியார் மருமகளைக் காட்டி மெல்லச் சொன்னாள். "இவ அப்பவே வேண்டாம்னா. என் பொண்ணு பாசமா அனுப்பறது உன் கண்ணை உறுத்துதான்னு நான்தான் வாயை அடைச்சேன். நான் தனியா உப்பில்லாம சாப்பிடக் கூடாதுன்னு, ஒரு வருஷமா இவளும் உப்பில்லாச் சாப்பாடுதான் சாப்பிடறா..."

"அண்ணி..." நாத்தனார் அவள் தோளில் சாய்ந்து உடைந்து அழுதாள். "என் கையாலயே அம்மாவை..."

"நல்லதுன்னு நம்பித்தானே வாங்கினீங்க. அழாதீங்க." மருமகள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

கணவன் அருகே வந்தான். "நான் ஏதோ பதட்டத்துல..."

"உங்க தங்கச்சி தூரத்துல இருக்காங்க, அவங்களுக்குத் தெரியாது. நீங்க தினம் எதிர்ல உட்கார்ந்து சாப்பிடறீங்க... நான் என்ன சாப்பிடறேன்னு ஒரு நாளாவது பார்த்தீங்களா?"