வளையத்தை யாரிடம் கொடுத்தாய்?

கொட்டகலைக்குக் கீழே, மெயின் ரோட்டை விட்டுத் தேயிலைக்குள் இறங்கும் பாதையில் ஆட்டோ நின்றபோது மழை விட்டிருந்தது. சுதாகரன் முதலில் ஊன்றுகோல்களை இறக்கினான். பிறகு மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கினான். கடைசியாக, சீட்டுக்குப் பின்னால் செருகியிருந்த தகரப் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினான்.

"என்னய விட அந்தப் பெட்டியத்தான் பத்திரமா எறக்குறீங்க" என்றாள் பூரணி. அவளுடைய வலது கால் முழங்காலுக்கு மேல் வரை மாவுக்கட்டில் இருந்தது.

"நீ விழுந்தா கத்துவ. அது கத்தாது புள்ள."

பஜாரில் அவனுடைய ரேடியோ, டீவி பழுதுபார்க்கும் கடைக்கு மேல்தான் அவர்கள் குடியிருந்தார்கள். ஏணி போலச் செங்குத்தான படி. அதில் வழுக்கித்தான் அவளுடைய கால் முறிந்தது. கட்டுப் பிரிக்கும் வரைக்குமாவது படியில்லாத வீடு வேண்டுமென்று தேடியபோது, தோட்டத்துப் பழைய குவாட்டர்ஸ் ஒன்று வாடகைக்குக் கிடைத்தது.

விசித்திரமான வீடு. முன்னறை, படுக்கையறை, இரண்டையும் சேர்க்கும் ஒரு நடை. அகலம் குறைவு, நீளம் மட்டும் முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. ஈரச் சுவரின் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை கிடந்தது. கரி எரிந்த வாடை. பழைய இரும்பை நனைத்தால் வருமே, அதுவும்.

அடுப்பு பின்பக்கம் இருந்தது. முன்னறையில் ஏன் கரி நாறுகிறது என்று அவன் யோசித்தான். சொல்லவில்லை. மனத்தில் ஓடுவதைச் சொல்லாமல் வைத்திருப்பது அவனுக்குப் பழக்கம்.

கடையைப் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொண்டார். பகல் முழுக்க வீட்டிலேயே இருக்க வேண்டிவந்ததும் தகரப் பெட்டியைத் திறந்தான். கல்யாணத்துக்கு முன்னால், கொழும்பு புறக்கோட்டையில் அங்குமிங்குமாகத் தேடி வாங்கிய பொம்மை ரயில். கைக்கடக்கமான எஞ்சின், பெட்டிகள், தண்டவாளத் துண்டுகள். கல்யாணமானபின் அதைத் தொடவில்லை.

"இத வித்துட்டதாத்தானே சொன்னீங்க?"

"வாங்க ஆள் வரல."

"பொய் சொன்னாலும் மூஞ்சிய ஒழுங்கா வெச்சுக்கிட்டுச் சொல்லத் தெரியல" என்று அவள் சிரித்தாள்.

பலகை அறுக்குமுன் தரையில் வரைந்து பார்ப்பதென்று தீர்மானித்தான். முன்னறையின் சிமெந்துத் தரையில் வெண்கட்டியால் பாதையைப் போட்டான். இங்கே ஸ்டேஷன், இங்கே சுரங்கம், இங்கே பாலம். வளைவைப் பலமுறை அழித்து அழித்துப் பெரிதாக்கினான். வளைவு இறுகினால் பெட்டிகள் கவிழ்ந்துவிடும். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பூரணி, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வடைக்கடையும் வேண்டுமென்றாள்.

அவளுக்காகத்தான், ரயில்வேயில் டேப்லட் என்று சொல்லும் அனுமதி வளையத்தையும் செய்தான். பழைய கேசட் ரேடியோ ஒன்றின் பித்தளைச் சக்கரத்தைத் துடைத்து, கம்பி வளையமொன்றில் கட்டினான்.

"நம்ம ரயில் ஒத்தப் பாதைல ஓடுதில்ல? ஸ்டேஷன் மாஸ்டர் இத டிரைவர் கையில குடுக்கணும். இது இல்லாம எந்த வண்டியும் பாதைக்குள்ள நுழைய முடியாது. போய்ச் சேர்ந்த எடத்துல திருப்பிக் குடுத்தாத்தான் வண்டி வந்துருச்சுன்னு அர்த்தம்."

"அப்ப நாந்தான் மாஸ்டர். கால் ஒடஞ்சவளுக்கு ஒக்காந்த எடத்துல ஒரு உத்தியோகம்."

"சரிங்க மாஸ்டர். மொத மொத எஞ்சின் ஓட்டுற அன்னைக்கு வாசல்ல நின்னு கைய நீட்டுவேன். குடுத்துருங்க."

வளையத்தை அவள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை தரையில் ஒரு கோடு கூடுதலாக இருந்தது.

அவனுடைய பாதையிலிருந்து பிரிந்து நடை வாசலை நோக்கிப் போயிற்று. இரட்டைக் கோடு, குறுக்கே சிலிப்பர் கட்டைகள். தானே போட்டு மறந்திருப்பேனோ என்று குனிந்து பார்த்தான். அவனுடைய கோடுகளில் அழித்துத் திருத்திய தடம் இருக்கும். இதில் தயக்கமே இல்லை. போகவேண்டிய இடம் தெரிந்த ஒருவன் ஒரே இழுப்பில் போட்டது.

ஈரத்துணியால் துடைத்தான். கோடு போயிற்று. துணி வெள்ளையாகவில்லை, கறுப்பாகியிருந்தது.

அடுத்த காலை அது நடையின் பாதி வரை வந்திருந்தது.

சமையலுக்கு உதவத் தொழிலாளர் லயத்திலிருந்து வரும் பேச்சியம்மா முன்வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"தம்பி, இத ஏன் போட்டீங்க?"

"நான் போடல."

"அப்ப இன்னும் மோசம்." செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்வாங்கினாள். "முந்தி ஸ்டேஷன்லருந்து ஃபெக்டரிக்கு இந்த வழியாத்தான் தண்டவாளம் வந்துச்சாம். தேயிலப் பெட்டி ஏத்துற வண்டி. ஒரு நாளு எஞ்சின் இல்லாமலே மேலருந்து எறங்கி வந்து, கொழுந்துக் கூடையோட நின்ன பொம்பளைய அடிச்சிருச்சு. கட்டை போட்டு நிறுத்துனாங்க. மறுபடியும் வந்துச்சு. கடசில தண்டவாளத்தையே பேத்து எடுத்துட்டாங்க. அதுக்கு மேலதான் இந்த வீட்டக் கட்டுனது."

"அதான் எடுத்துட்டாங்களே."

"தண்டவாளத்தத்தான் எடுத்தாங்க தம்பி. ஓடுனத யாரு எடுத்தா?"

அவன் நடையைத் திரும்பிப் பார்த்தான். கோடு நேராகக் குறிவைத்திருந்தது படுக்கையறையை. பூரணியின் கட்டிலை. ஓட முடியாத ஒருத்தி படுத்திருக்கும் கட்டிலை.

அன்றைக்கே கிளம்பிவிடுவதென்று முடிவெடுத்தான். பூரணியிடம் ஒன்றும் சொல்லவில்லை. பயப்படுவாள் என்று நினைத்தான். பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டான், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்குள் ஃபோனுக்கு சிக்னல் கிடைக்காது. வேன் கூப்பிட மேலே ரோட்டுக்கு ஏறினான். பகலிலேயே பனிமூட்டம் இறங்கிவிட்டது. தேயிலைச் செடிகள் ஒவ்வொரு நிரையாக மறைந்தன. பேசி முடித்துத் திரும்பும்போது கீழே லயத்து விளக்குகள் ஒன்றாக அணைந்தன. கரண்ட் போயிருந்தது.

முன்வாசலில் கால் வைத்தான். உள்ளே இருட்டு. கரி வாடை தொண்டையை அடைத்தது.

நடையின் கடைசியிலிருந்து பூரணியின் சிரிப்புக் கேட்டது.

"இந்தாங்க டிரைவர் ஐயா. பாத்து, மெதுவாப் போங்க."

அவன் அசையவில்லை.

அவன் இன்னும் முன்வாசலில்தான் நின்றிருந்தான்.

நடையில் ஏதோ திரும்பியது. ஈரக் காற்று ஒன்று அவன் முகத்தை உரசிக்கொண்டு வெளியே போயிற்று.

ஓடினான். பூரணி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெறுங்கை.

"வளையத்த யாருக்குக் குடுத்த?"

"என்ன வெளயாட்டு இது? இப்பத்தானே வாசல்ல நின்னு கைய நீட்டுனீங்க." அவள் தன் விரல்களைத் தேய்த்துக்கொண்டாள். "ஏங்க ஒங்க கை அவ்ளோ சில்லுனு இருந்துச்சு?"

முன்னறையில் இரும்பு இரும்பின்மேல் உருளத் தொடங்கியது.

பொம்மையின் சத்தம் இல்லை.

முதலில் மெதுவாக. பாரம் ஏற்றிய ஒன்று தன் கனத்தை உணர்வதுபோல. பிறகு தரை அதிர்ந்தது. மேசையிலிருந்த தண்ணீர்க் கோப்பை நகர்ந்தது.

"என்னங்க அது?"

பதில் சொல்ல நேரமில்லை. அவளை அப்படியே வாரியெடுத்தான். மாவுக்கட்டுக் கால் கட்டில் சட்டத்தில் மோதி அவள் அலறினாள். படுக்கையறையின் பின்கதவை உதைத்தான். அலறலைக் கேட்டுப் பின்முற்றத்திலிருந்து ஓடிவந்த பேச்சியம்மா அவளுடைய கால்களைத் தாங்கிக்கொண்டாள். மூன்று பேருமாக ஈரப் புல்லில் விழுந்தார்கள்.

வீடு ஒரு முறை குலுங்கியது.

அதன்பிறகு சத்தமே இல்லை. பறவைகூடக் கத்தவில்லை.

வெகுநேரம் கழித்து அவன் மட்டும் கதவருகே போய்ப் பார்த்தான். கட்டில் சுவரோடு மடிந்து நசுங்கிக் கிடந்தது. மெத்தையின் குறுக்கே ஆழமான இரண்டு தடங்கள். கறுப்பு மசகு.

கோடு சுவரடியில் நிற்கவில்லை. சுவருக்குள் போயிருந்தது.

வேன் வந்தது. தகரப் பெட்டியை அங்கேயே விட்டான். டிரைவர் சின்னராசா எங்கே போகவேண்டும் என்று கேட்டபோது, "ராகலைக்கு" என்றான். பூரணியின் தங்கை சர்மிளாவின் வீடு அங்கே. ஆனால் அவன் ராகலையைச் சொன்னதற்குக் காரணம் வேறு. ராகலைக்கு ரயில் கிடையாது.

தலவாக்கலை தாண்டும்போது கீழே தண்டவாளம் ஈரத்தில் மின்னியது. பூரணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நுவரெலியாவைக் கடந்து, தண்டவாளம் என்ற ஒன்றே இல்லாத மலைக்குள் வேன் நுழைந்த பிறகுதான் அவனுக்கு மூச்சு சீரானது.

"கை சூடாயிருச்சு ஒங்களுக்கு" என்றாள் அவள், மெல்ல.

ராகலையில் மெயின் ரோட்டை விட்டு சர்மிளாவின் வீட்டுப் பாதைக்குத் திரும்பினார்கள். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. பாதை சரிவை அறுத்துக்கொண்டு சீராக ஏறியது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பிறகு ஒரு வளைவு வந்தது. மிகப் பெரிய, இளகிய வளைவு.

சுதாகரன் ஜன்னல் வழியே எட்டிப் பாதையைப் பார்த்தான்.

நடந்து போகிறவன் போட்ட பாதை இப்படி வளையாது. குறுக்கே ஏறியிருக்கும். இத்தனை இடத்தை எடுத்துக்கொண்டு வளைய, பெட்டி கவிழ்ந்துவிடுமென்று பயந்த ஒருவனால்தான் முடியும். இதே வளைவை அவன் தரையில் எத்தனை முறை அழித்து அழித்துப் போட்டிருக்கிறான்.

"இந்த ரோட்டு..." என்று தொடங்கினான்.

"இதுவா சார்? பழைய ரயில் ரோட்டு" என்றான் சின்னராசா. "வெள்ளக்காரன் காலத்துல நானுஓயாவுலருந்து ராகலை வரைக்கும் சின்ன ரயில் ஒண்ணு ஓடுச்சாம். எங்க தாத்தா சொல்லுவாரு. தண்டவாளத்த எப்பவோ எடுத்துட்டாங்க."

"நிறுத்துங்க. திருப்புங்க வண்டிய."

"இங்க எப்புடி சார் திருப்புறது? அந்தா, வீடு வந்துருச்சே."

சர்மிளா படலைக் கதவுக்கு வெளியே சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். வேனைக் கண்டதும் ஓடிவந்தாள்.

"அக்கா! வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? இப்பத்தான் யாரோ கேட்டத் தட்டுன மாதிரி இருந்துச்சு. வந்து பாத்தா ஆளக் காணோம். மூட்டத்துல ஒண்ணும் தெரியல."

பூரணி அவளைப் பார்க்கவில்லை. சர்மிளாவின் தோளுக்கு மேலாகப் படலைத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க" என்று கிசுகிசுத்தாள்.

காற்று இல்லை. தூணின் ஆணியில், இப்போதுதான் யாரோ மாட்டிவிட்டுப் போனதுபோல, கம்பி வளையம் ஆடிக்கொண்டிருந்தது. அதன் நடுவே, பித்தளைச் சக்கரத்திலிருந்து கறுப்பாக ஒரு சொட்டு கீழே விழுந்தது.