ஒரு சாண் சுவர்

வீடு கிடைத்து எட்டு மாதமாகியும், படுக்கும்போது இடுப்புப் பட்டையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் பழக்கம் வேதவல்லியை விட்டுப் போகவில்லை. நிலவைச் சுற்றி ஓடும் வளைய ரயிலில் குடியிருந்து வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான். அங்கே பட்டை கட்டாமல் தூங்கினால் அடுத்தவர் மடியில்தான் கண் விழிக்க வேண்டும்.

அவர்கள் முன்பு குடியிருந்த பழைய குவிமாடத்தில் விரிசல் கண்டு காற்று கசியவே, அத்தனை பேரையும் வெளியேற்றி இழுத்து மூடிவிட்டார்கள். வேறு வீடு கிடைக்கும்வரை ரயில்தான் கதி என்றாகி, இரண்டு வருடம் அதிலேயே ஓடிற்று. இருந்தாலும் அந்த ரயிலை நினைத்தால் அவளுக்கு மனசு இளகிவிடும். கைப்பிடிக் கம்பியில் காயும் துணிகள், பெட்டி முழுக்கப் பங்கு போட்டுக் குடித்த ஒரே பாத்திரத்து டீ, ஜன்னலில் பூமி எட்டிப் பார்க்கும் இடம் வந்ததும் குழந்தைகள் போடும் கூச்சல்! மகள் மகிழுக்குக் காய்ச்சல் கண்டபோது, அதே பெட்டியில் இருந்த கன்னியப்பன் தன் படுக்கையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, மனைவியோடு கழிவறை வாசலில் உட்கார்ந்தபடியே வாரக்கணக்கில் தூங்கினார்.

"அந்த மாதிரி மனசு இங்க யாருக்கு இருக்கு?" என்றாள் சாப்பிடும்போது.

"அவ்வளவு ஆசைன்னா சொல்லு, ஒரு டிக்கெட் எடுத்துத் தரேன்," என்றான் கணவன் தணிகாசலம்.

அந்த நேரத்தில் குடிகாப்பான் வந்தது. இப்போதிருக்கும் குவிமாடத்து வீடுகளைப் பராமரிக்கும் இயந்திரம் அது. குவிமாடத்தை ஓர் அங்குலம்கூடப் பெரிதாக்க முடியாது. ஆனால் சுவர்கள் இளகுகல்லால் ஆனவை. மின்சாரம் செலுத்தினால் ஓசையில்லாமல் நகரும். தெருவில் ஒவ்வொரு வீடும் ஒரு சாண் ஒடுங்கினால் கோடியில் புதிதாக ஒரு வீடு முளைத்துவிடும். இவர்களுக்கு வீடு கிடைத்ததும் அப்படித்தான்.

"ரயில்லேர்ந்து ஒரு குடும்பம் வருதும்மா. உங்க சுவரை ஒரு சாண் நகர்த்தலாமான்னு கேக்க வந்தேன்."

"யாரு?"

"கன்னியப்பன், அவர் சம்சாரம், ரெண்டு பிள்ளைங்க."

வேதவல்லி கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தாள். சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் கண் சுவர்மேல் ஓடிவிட்டது. மகிழின் மேஜை, பாத்திர அலமாரி, இரண்டு கையையும் நீட்டிச் சோம்பல் முறிக்க ஓர் இடம். இன்றைக்கு ஒரு சாண் கொடுத்தால் நாளைக்கு இன்னொன்று கேட்பார்கள். மறுபடி ரயில் பெட்டி மாதிரி ஆகிவிட்டால்? அவளுக்குப் பயமாக இருந்தது.

"தங்கமான மனுஷங்கதான். ஆனா எங்க வீடே சின்னது. பெரிய வீடா பாத்துக் கேளேன். நாங்க வேணாம்னது அவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

தணிகாசலம் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். "சரிம்மா," என்று இயந்திரம் போய்விட்டது.

இரண்டு மூன்று நாள் அவளுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. பிறகு ஒரு காலையில் தெருக்கோடியில் புதுக் கதவு ஒன்று தெரிந்தது. வாசலில் கன்னியப்பன் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வேதவல்லி அவசர அவசரமாகக் கேசரி கிளறி எடுத்துக்கொண்டு ஓடினாள். கன்னியப்பனின் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள். "யார் பெத்த பிள்ளைங்களோ, எங்களுக்காக இடம் விட்டிருக்காங்க. நீங்களும்தானே அக்கா?"

வேதவல்லி தலையை ஆட்டி வைத்தாள். திரும்பும் வழியில் குடிகாப்பானை மடக்கினாள்.

"எந்தெந்த வீட்டுல ஒத்துக்கிட்டாங்க? ஒரு கும்பிடு போட்டுட்டு வரேன்."

"யாரும் ஒத்துக்கலைம்மா. நீங்க வந்தப்பவும் யாரும் ஒத்துக்கலை. எல்லாரும் தூங்கும்போது நாங்களே நகர்த்திடறோம். இதுவரைக்கும் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரிஞ்சதில்லை. உங்க வீடும் இப்ப ஒரு சாண் கம்மிதான்."

வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. கோபத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டாள்.

"அப்புறம் எதுக்கு வீடு வீடா வந்து கேக்கறே?"

"கேக்காம நகர்த்தினா, புது வீட்டைப் பாத்ததும் 'ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே'ன்னு எல்லாரும் சண்டைக்கு வர்றீங்கம்மா."