இரண்டு நெஸ்டாக்கள்

பைபிளின் முதல் தாளில் இரண்டு நெஸ்டாக்கள் இருந்தார்கள். அதில் ஒன்றும் விசேஷமில்லை. தென்னமெரிக்காவின் தெற்குக் கோடியிலிருக்கும் சுபுத் பள்ளத்தாக்கில், அந்தக் காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய வேல்ஸ்காரர்களின் எந்தக் குடும்ப பைபிளைத் திறந்தாலும் இப்படித்தான் இருக்கும். ஒரு குழந்தை செத்தால் அதன் பெயரை அடுத்துப் பிறப்பதற்கு வைத்துவிடுவார்கள், நல்ல பெயரை ஏன் வீணாக்க வேண்டும் என்று. டெலித்தை உறுத்தியது வேறு. 1879இல் பிறந்த மூத்த நெஸ்டாவுக்கு நேரே இறந்த தேதி இல்லை. ஒன்பது நாள் மட்டும் மூச்சுவிட்ட சிசுவுக்குக்கூடத் தேதி இருந்தது. இவளுக்கு மட்டும் அந்த இடத்தில் வெறும் தாள்.

1884இல் பிறந்த இளைய நெஸ்டா, டெலித்தின் அப்பாவைப் பெற்றவள். அவளைப் பற்றி எல்லாம் தெரியும். மூத்தவளைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இனிமேல் கேட்கவும் ஆளில்லை. அக்கா எனிட் ஏப்ரலில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அக்கா இறந்த அதே மாதம் டெலித் கண் பரிசோதனைக்குப் போயிருந்தபோது அங்கே ஒரு படிவம் நீட்டினார்கள். அவசரமென்றால் யாருக்குச் சொல்லவேண்டும், என்ன உறவு என்று ஒரு வரி. முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பக் கற்றுக்கொடுத்தவள், அந்த வரியில் பேனாவை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு காலியாகவே கொடுத்துவிட்டு வந்தாள். வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்துதான் இந்தத் தேடல். எங்காவது, எந்தக் கிளையிலாவது, தன் ரத்தத்தில் உயிரோடு ஒருவர் போதும். இதுவரை தொட்ட கிளையெல்லாம் ஏதோ ஒரு கல்லறையில் போய் முடிந்திருந்தது. முடியாமல் நின்ற ஒரே கோடு, மூத்த நெஸ்டா.

மதியம் எல்வியோ ரோலன்ட்ஸ் வந்தார். ஊர்த் தேவாலயமான சாப்பலின் சாவி அவரிடம்தான் இருக்கும். மனைவி இறந்தபிறகு, ஊரில் யாருக்கு என்ன தேவையென்று தேடிப்போய்ச் செய்கிற மனிதர். கக்கத்தில் ஒரு பழைய தடிப் புத்தகம்.

"நீங்க கேட்ட சாப்பல் குறிப்பேடு. அலமாரிக்குப் பின்னாடி விழுந்து கிடந்துச்சு, எலிக்குக்கூட பிடிக்கல போல. ஏன் டீச்சர், செத்தவங்களையே தேடிக்கிட்டிருக்கீங்களே, உயிரோட நிக்கிறவனுக்கு ஒரு வாய் மாத்தே கிடையாதா?"

"உக்காருங்க. வாயைத் திறந்தா மூடமாட்டீங்களே."

அவள் மாத்தே இலைமேல் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் உறிஞ்சியபடி பைபிளை எட்டிப் பார்த்தார்.

"இதுல என்ன புதிர்? மூத்தது போயிருக்கும், பேரைச் சின்னதுக்கு வெச்சிருப்பாங்க. எங்க வீட்டுல மூணு டேவிட். மூணாவதுதான் எங்கப்பா. முதல் ரெண்டும் தங்கலை."

"ஆனா கல்லறை இல்லையே எல்வியோ. எங்கயுமே இல்ல."

"அந்தக் காலத்துல கல்லுக்கு எங்க போறது? மரத்துல குறி வெச்சிருப்பாங்க. நம்ம காத்துக்கு அது நிக்குமா? 'எண்பத்திநாலுல இறப்பு'ன்னு எழுதிட்டு அடுத்த வேலையைப் பாருங்க." எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். "இன்னிக்குப் புழுதி கிளம்பும். ஜன்னலெல்லாம் சாத்திக்குங்க. அஞ்சு மணிக்குப் பாட்டுப் பயிற்சிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். வராம ஏமாத்தினீங்க, தூக்கிட்டுப் போயிடுவேன்."

அவர் வண்டியின் சத்தம் வாய்க்கால் பாலம் தாண்டி அடங்கியதும் டெலித் தன் வம்சப் படத்தில் மூத்த நெஸ்டாவுக்குக் கீழே '1884' என்று பென்சிலால் எழுதினாள். இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த யாரும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். உயிரோடிருக்கும் பிள்ளையின் பெயரை இன்னொன்றுக்கு எவரும் வைப்பதில்லை.

மூன்று மணிக்குக் காற்று வந்தது. முதலில் தூரத்தில் பாப்ளர் மரங்கள் இரையும் ஓசை, பிறகு கூரைத் தகரம் எங்கோ ஒரு மூலையில் தளர்ந்து படபடக்கிற ஓசை, பிறகு சாத்திய ஜன்னலின் இடுக்குகளிலும் சாவித் துவாரத்திலும் நுழைந்து மேஜைமேல் மாவு சலித்ததுபோல் படியும் அந்தப் பழுப்புப் புழுதி. நாக்கில் மண் ருசித்தது. வெளியே வெயில் முதலில் மஞ்சளாகி, பிறகு செம்மண் நிறமாகி, கடைசியில் வாசல் மரத்தையே காணாமல் செய்துவிட்டது. பகலிலேயே விளக்கைப் போட்டு, அடுப்பில் இரண்டு கட்டையைச் செருகி, அவள் குறிப்பேட்டைத் திறந்தாள்.

பழைய வேல்ஸ் மொழிக் கையெழுத்து. ஒழுங்கான, நிதானமான எழுத்து.

'1885, ஆகஸ்ட் 16, ஞாயிறு. காற்று பலமாக இருந்ததால் மாலை ஆராதனை மோர்கன் வீட்டில் நடந்தது. இரண்டாம் பாட்டின்போது கதவு தட்டப்பட்டது. ஒரு குழந்தையின் குரல், தன் பெயர் நெஸ்டா என்றது. அந்தப் பிள்ளை சென்ற ஆண்டு புழுதிக் காற்றில் தொலைந்ததும், ஐந்து மாதம் தேடிக் கைவிட்டபின் அதன் பெயர் தங்கைக்கு ஞானஸ்நானத்தில் கொடுக்கப்பட்டதும் யாவரும் அறிந்ததே. ஆகவே வெளியே நிற்பது பிள்ளையாக இருக்கமுடியாது என்று மூப்பர்கள் கண்டார்கள். மோர்கன் கதவருகே போய், எங்கள் நெஸ்டா உள்ளேதான் இருக்கிறாள் என்றார். தட்டுவது நிற்கும்வரை பாடினோம். ஏழு பாட்டுகள்.'

அதற்குக் கீழே, மறுநாள் தேதியில்: 'வாசலில் ஒரு குவானாக்கோத் தோல் போர்வை கிடந்தது. எரித்துவிட்டோம்.'

டெலித் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பேய்க்குப் போர்வை எதற்கு? மேட்டுநிலத்தில் கூடாரம் போட்டு குவானாக்கோ வேட்டையாடிய டெவெல்சே பழங்குடி மக்கள் யாரோ அந்தக் குழந்தையைக் கண்டெடுத்து, ஒரு வருஷம் சோறு போட்டு, குளிருக்குத் தோல் போர்த்தி, வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். ஆறு வயது. அவள் குளிரில் நின்று தட்டியிருக்கிறாள். உள்ளே அம்மா பாடியிருக்கிறாள்.

மோர்கன் அந்த நெஸ்டாக்களின் அப்பா; அவர் வீடு என்பது இந்த வீடு. கதவும் இந்தக் கதவுதான்.

அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. தன்னுடையதென்று சொல்ல ஒரு உயிர் கிடைக்காதா என்று அவள் ஏங்கிக் கிடக்க, இவர்கள் வாசலுக்கு வந்த உயிரைப் பாட்டுப் பாடித் துரத்தியிருக்கிறார்கள். ரப்பரை எடுத்து '1884'ஐ அழித்தாள். காலி வீட்டில் வாய்விட்டுச் சொன்னாள்.

"நான் இருந்திருந்தா திறந்திருப்பேன்டி கண்ணு. இது உன் வீடு. வந்துடு."

கூரைத் தகரம் படபடப்பதை நிறுத்தியது. காற்று நிற்கவில்லை, மரங்கள் இன்னும் இரைந்துகொண்டுதான் இருந்தன. தகரம் மட்டும், யாரோ மேலே கையை வைத்து அழுத்தியதுபோல் அடங்கிப்போனது. அடுப்புப் புகையின் வாசனைக்கு நடுவே வேறொரு வாசனை வந்தது. பதப்படுத்தாத தோல், கொழுப்பு, பழைய நெருப்பு.

கதவு தட்டப்பட்டது.

மூன்று தட்டு. மெதுவாக. எல்வியோ கைமுட்டியால் இடிப்பார், அதுவும் தன் தலை உயரத்தில். இது கீழே. அவள் இடுப்புக்கும் கீழே.

மணி நாலே முக்கால்.

மறுபடி மூன்று.

தன் தொண்டையில் ஏதோ அதிர்வதை டெலித் உணர்ந்தாள். அவள் ஒரு ஞானப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எப்போது தொடங்கினாளோ தெரியாது. பற்களைக் கடித்து நிறுத்தினாள். சீ, நீயுமா? எழுந்தாள். தாழ்ப்பாள் பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள்.

யாருமில்லை.

செம்மண் நிறத்தில் ஒரு சுவர், அவ்வளவுதான். புழுதி கண்ணில் அறைந்தது.

"நெஸ்டா?"

ஓர் அடி வைத்தாள். இன்னொன்று. தோல் வாசனை அவள் முழங்கையை உரசியபடி கடந்து போயிற்று. வெளியே அல்ல. உள்ளே.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. காற்று, என்று நினைத்தாள். பிறகு தாழ்ப்பாள் விழுந்தது.

காற்றுக்குத் தாழ்ப்பாள் போடத் தெரியாது.

அவள் தட்டினாள். உள்ளே சின்னப் பாதங்கள் ஓடின. நாற்காலி ஒன்று இழுபட்டது. பைபிளின் தடித்த அட்டை திறக்கும் ஓசை அவளுக்குப் பழக்கமான ஓசை. பேனா கிறீச்சிட்டது. நெடுநேரம் எழுதியது.

"கதவைத் திற! நான்தான். டெலித்!"

பாதங்கள் வந்தன. கதவின் மறுபக்கம், அவள் இடுப்பின் உயரத்தில், ஒரு குழந்தை பேசியது. கோபமே இல்லாத குரல்.

"எங்க டெலித் உள்ளதான் இருக்கா."

அவள் எவ்வளவு நேரம் தட்டினாள்? விரல் மரத்துவிட்டது. பாலத்தின் பக்கம் இரண்டு மங்கல் வெளிச்சங்கள் ஆடி வந்து நின்றன. எல்வியோ. கடவுளே, எல்வியோ. முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு குனிந்து ஓடி வந்தார். அவள் கத்தினாள். காற்று அதை வாங்கிக்கொண்டு போனது. அவர் கையைப் பிடித்தாள்.

அவர் திரும்பினார். பார்த்தார். பார்த்தார் என்பதில் சந்தேகமே இல்லை; அவர் கண்கள் விரிந்தன, கையை உதறிக்கொண்டார். கதவை இரண்டு கையாலும் இடித்தார்.

"டீச்சர்! சீக்கிரம் திறங்க! டீச்சர்!"

கதவு திறந்தது. விளக்கின் மஞ்சள். வாசலில் நின்றவளின் தோளில் டெலித்தின் சாம்பல் நிறச் சால்வை. சளி பிடித்துச் சற்றே கரகரத்த, முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்திய அதே குரல்.

"வாங்க எல்வியோ. ஏன் இப்படி நடுங்குறீங்க?"

"வாசல்ல... சின்னப் பொண்ணு மாதிரி என்னமோ நிக்குது டீச்சர். கையைப் பிடிச்சிருச்சு."

"தெரியும். திரும்பிப் பார்க்காதீங்க. உள்ள வாங்க, அது போறவரைக்கும் பாடுவோம்."

கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள்.

டெலித் கையைத் தூக்கினாள். கை எட்டியது அவ்வளவுதான். கதவின் கீழ்ப்பாதி. மூன்று தட்டு.

உள்ளே இரண்டு பேர் பாடத் தொடங்கினார்கள். அவர் அடிக்குரலில், சால்வை போட்டவள் மேல்குரலில். இழைந்து, அழகாக. முதல் பாட்டு முடிந்தது. அவள் தட்டினாள். இரண்டாவதைத் தொடங்கினார்கள்.