இரண்டு பொட்டு வெல்டிங்

கம்பி பிரஷ்ஷால் முதல் தேய்ப்புத் தேய்த்ததுமே வாடை வந்தது. துரு உதிரும்போது எழும் வாடை நோயலுக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். பழைய காசை நாக்கின் அடியில் ஒதுக்கிக்கொண்டதுபோல இருக்கும். இது அதுவல்ல. புளிப்பும் இனிப்புமாகக் கிளம்பி, தொண்டைக்குப் போகுமுன் மூக்கிலேயே சுடுகிற வாடை. சாராயம். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, யாராவது பட்டறைக்குள் வந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். பத்தரை மணி வெயில் தகரக் கதவின் ஓட்டைகள் வழியாக நீள நீளமாகத் தரையில் விழுந்திருந்தது. மர்பி டவுன் தெருக்குழாயில் யாருடைய குடமோ நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை.

மறுபடி தேய்த்தான். மறுபடி வந்தது.

அது தோட்ட டிராக்டரின் பின்னால் மாட்டி இழுக்கிற சின்ன டிரெய்லர். இரண்டு சக்கரம், ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கிற அளவில் தடித்த இரும்புப் பெட்டி. பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கினால் பின்புறக் கீலில் சாய்ந்து எருவையும் மண்ணையும் கொட்டும். தூக்கிய பெட்டி திரும்ப விழாமல் அடியில் ஒரு முட்டுக்கம்பி தாங்கும். அந்தக் கம்பியின் தலை உட்காருவதற்குப் பெட்டியின் அடியில் ஒரு கொக்கி. எந்தக் காலத்திலோ சீமையிலிருந்து கப்பலில் வந்த சாமான். பச்சைப் பெயின்ட் எல்லாம் போய், மழையில் ஊறிய மரப்பட்டைபோல் துரு செதில் செதிலாக எழும்பியிருந்தது.

அல்சூர் பக்கத்தில் ஒரு பழைய பங்களாவை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஜன்னல் கம்பிகள் வாங்கத்தான் போனான். உண்ணிப் புதருக்குள் அதன் விளிம்பு தெரிந்தது. பார்க்காததுபோல் வந்துவிட்டிருக்கலாம். நர்சரி நடத்தும் வைஷ்ணவி, புது சாஃப்ட்வேர் கம்பெனிகளின் வாசலில் பூச்செடி நிரப்பி நிறுத்துவதற்கு இப்படிப் பழைய வண்டி ஒன்று கேட்டிருந்தாள். அதற்காகத்தான் என்று மனைவி பிரிஜெட்டிடம் சொன்னான். தனக்கும் அதையே சொல்லிக்கொண்டான். ஆனால் லாரியில் அதை ஏற்றியபோதே, வேறு எதையும் பார்க்காமல் அவன் கை பெட்டியின் அடியில் போய்க் கொக்கி இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தது. கொக்கி இல்லை. இல்லை என்பது அவனுக்குத் தெரியும். பதினைந்து வருடத்துக்கு முன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் அல்சூர் ஏரியில் எறிந்தவன் அவன்தான்.

எண்பத்து நாலில் நோயலுக்கு இருபத்திரண்டு வயது. அந்தப் பங்களாவின் தோட்டக்காரர் சின்னப்பா இவனுடைய தெருக்காரர்; சனி ஞாயிறு பங்களாவிலேயே தங்கிவிடுவார். கொக்கி விட்டுப்போய்விட்டது, வந்து வைத்துக்கொடு என்று சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டார். சுற்றிலும் முழுதாக வெல்டிங் ஓட்டினால் பத்து நிமிடம் ஆகும். சினிமாவுக்கு நேரமாகியிருந்தது. கொக்கி ஒட்டி நிற்கிற அளவுக்கு இரண்டு பொட்டு மட்டும் வைத்தான். திங்கட்கிழமை வந்து முழுசாக ஓட்டிவிடுகிறேன், அதுவரை பெட்டியைத் தூக்க வேண்டாம் என்று சொல்ல நினைத்தான். சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில், ஆள் நடமாட்டமில்லாத தோட்டத்துப் பின்கோடியில், பெட்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

பங்களாவில் இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை. பிய்ந்த கொக்கி அவர் தோளுக்கருகில் கிடந்தது, அதில் பளபளவென்று இரண்டு பொட்டு. யார் பார்த்தாலும் புரியும். வாட்ச்மேன் பூந்தொட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் அரைப் பாட்டில் சாராயம் நோயலின் கண்ணில் பட்டது. பெட்டியின் இடுக்கில் கையை விட்டு, அதைச் சின்னப்பாவின் சட்டையில் ஊற்றினான். நெஞ்சில், காலரில், கடைசியாக உதட்டில். பிறகுதான் கத்தினான்.

குடித்துவிட்டு, முட்டுக்கம்பி போடாமல் அடியில் படுத்தான் என்று ஊர் சொன்னது. பங்களாக்காரர்கள் கையைக் கழுவிக்கொண்டார்கள். சின்னப்பாவின் மனைவி காந்தா முதல் வருடம் முழுக்க, அவர் குடிக்கிறவரே இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டாள். அவளே நம்பத் தொடங்கியதை நோயல் தெருவின் எதிர்ச்சாரியிலிருந்து, நாள் நாளாகப் பார்த்தான்.

இப்போது அந்தக் கொக்கியை ஒருமுறையாவது ஒழுங்காக வைத்துவிட வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். இரும்பில் செய்த தப்பு இரும்போடு தீர்ந்துவிடும் என்று நினைத்தான்.

நான்கு நாள் துருவை எடுத்தான். வாடை போகவில்லை; கூடியது. ஐந்தாம் நாள் பெட்டியைச் சங்கிலி போட்டு உத்தரத்திலிருந்து தூக்கி நிறுத்தி, புதுக் கொக்கி அடித்து, அடியில் உட்கார்ந்து சுற்றிலும் முழுதாக ஓட்டினான். மேலே படிந்த கசடைத் தட்டியபோது மீன் செதில் அடுக்கியதுபோல் வரிசை பிசகாமல் வந்திருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு நல்ல வெல்டிங் அவன் போட்டதில்லை.

மறுநாள் காலையில் கதவைத் திறந்து, குனிந்து பார்த்தான்.

இரண்டு பொட்டு இருந்தது. மற்ற இடமெல்லாம் இரும்பு வழுவழுவென்று, நெருப்பே படாததுபோல் இருந்தது. வெட்டிய தடம் இல்லை. அரத்தூள் இல்லை. விரலை வைத்துப் பார்த்தான். அந்த இரண்டு பொட்டு மட்டும் லேசாகச் சுட்டது.

மறுபடி ஓட்டினான். மறுநாளும் இரண்டு பொட்டு.

அன்று வைஷ்ணவி வண்டியைப் பார்க்க வந்தாள். நாமக்கல்லிலிருந்து வந்து நாலு வருடத்தில் சொந்தமாக நர்சரி போட்ட கெட்டிக்காரப் பெண். வாசலிலேயே நின்றுவிட்டாள். வண்டியைப் பற்றி இரண்டொரு வார்த்தை புகழ்ந்தாள், பச்சை நிறமே அடிக்கலாம் என்றாள். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. வேலை நேரத்துல மட்டும் வேண்டாமே" என்றாள்.

"எது?"

அவள் துப்பட்டாவை மூக்கருகில் இழுத்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். அப்போதுதான் நோயல் தன் சட்டைக் காலரை இழுத்து முகர்ந்தான். வாடை வண்டியில் இல்லை. அவன் மேல் இருந்தது.

வீட்டில் இரண்டு வாளி தண்ணீர் காயவைத்துக் குளித்தான். சோப்புக் கரைய முதுகைத் தேய்த்தான். பிரிஜெட் தட்டை வைத்துவிட்டு, குழம்பு ஊற்றாமல் கரண்டியோடு நின்றாள். குடிக்காத மாப்பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காக இவனைக் கட்டிக்கொண்டவள் அவள்.

"எப்பலேர்ந்து?"

"நான் தொடவே இல்ல பிரிஜெட். சத்தியமா."

"எங்கப்பாவும் இதேதான் சொல்லுவாரு" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அன்றிலிருந்து பாயைச் சமையலறையில் விரித்துக்கொண்டாள்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், மழை பிசுபிசுத்த மத்தியானம், காந்தா பட்டறைக்கு வந்தாள். கையில் ஒரு கால் உடைந்த இரும்பு ஸ்டாண்டு. வருடா வருடம் அந்த நாளில் அவள் சின்னப்பாவைப் புதைத்திருந்த கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்து வாசலில் செவ்வந்தியும் மெழுகுவர்த்தியும் விற்பாள். கேட்டுக்குள் கால் வைத்ததில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

"நோயலு, இந்தக் கால ஒட்டிக் குடு. நாளைக்குக் கட போடணும்." சொல்லிவிட்டு மூக்கைச் சுளித்தாள். "நீயுமா?"

அவன் தலையைக் குனிந்து ஸ்டாண்டை வாங்கிக்கொண்டான். அவன் ஒட்டி முடிக்கும்வரை அவள் வண்டியைச் சுற்றி வந்தாள். இன்னும் காயாத சிவப்புப் பிரைமர் பூச்சில் ஒரு விரலை வைத்தாள். விரலைப் பார்த்தாள்.

"இது அந்த வண்டிதான?"

"ஆமாக்கா."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அங்கிருந்த ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். கல்யாணமாயி எட்டாம் நாளு எந்தலைல கை வெச்சுச் சொன்ன மனுசன், குடிக்க மாட்டேன்னு. பதினஞ்சு வருசமா நான் வாசல்லயே குந்தி ஊருக்கெல்லாம் பூ விக்கறேன். அந்தாளுக்கு ஒரு பூ போட்டதில்ல. அன்னிக்கு மொதல்ல பாத்தவன் நீதான். நெஜமாவே வாட வந்துச்சா?"

தகரத்தின் மேல் மழை. சங்கிலியில் தொங்கிய பெட்டி மெல்ல அசைந்தது. நாலு வார்த்தை போதும். வாய் வரைக்கும் வந்தது. கூடவே மற்றதும் வந்தது: தெரு, பிரிஜெட்டின் முகம், போலீஸ், கோயிலில் தன்னைப் பார்த்து நகர்ந்துகொள்ளும் தோள்கள்.

"வந்துச்சுக்கா" என்றான்.

அது பொய்கூட இல்லை.

"சரி" என்றாள் காந்தா. எழுந்து சேலையை உதறினாள். "பின்ன எதுக்குப் பூவு." ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

அவள் மறைந்ததும் பட்டறைக்குள் ஒரு சொட்டுச் சத்தம் கேட்டது. கூரை ஒழுகுகிறது என்று முதலில் நினைத்தான். ஆனால் சத்தம் பெட்டியின் அடியிலிருந்து வந்தது. குனிந்தான். சிமென்ட் தரையில் ஈரம் பரவியிருந்தது. ஒரு ஆள் படுத்திருந்த வடிவம்: தலை இருக்க வேண்டிய இடம் மட்டும் உலர்ந்து, தோளும் கையும் கிடந்த அளவுக்கு ஈரம். நடுவில் நெஞ்சு. அங்கேதான் சொட்டியது. மேலே பார்த்தான். காய்ந்த இரும்பு. ஆனாலும் சொட்டியது. சொட்டின் இடையே இன்னொரு சத்தம். மூச்சு. பாரத்தின் அடியிலிருந்து இழுக்கிற மூச்சு. ஒரு மூச்சு. அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் இன்னொன்று.

பெட்டி விழுந்ததுமே சின்னப்பா செத்திருப்பார் என்று பதினைந்து வருடமாக நம்பியிருந்தான். சனிக்கிழமை சாயங்காலத்துக்கும் திங்கட்கிழமை காலைக்கும் நடுவில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

மறுநாள் அவனுக்கு நாக்குத் தடித்திருந்தது. எழுந்து நின்றால் தரை சாய்ந்தது. பிரிஜெட் அவன் அப்பாவின் கல்லறைக்கான பூவைக் கூடையில் எடுத்துக்கொண்டு, "நீங்க வர வேணாம். ஜனங்க பாப்பாங்க" என்று சொல்லிப் போனாள். சாயங்காலம் ஐந்தரைக்குள் தெரு காலியாகிவிட்டது. ஒவ்வொரு வீடும் பூட்டிக் கிடந்தது. பட்டறைப் பக்கமிருந்து மூச்சு கேட்டது. இரண்டு வீடு தள்ளியும் கேட்டது. போய்ச் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கே. காந்தா கல்லறை வாசலில் இருப்பாள்.

நடந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். எதிரில் வந்தவர்கள் பிள்ளைகளை மறுபக்கம் இழுத்துக்கொண்டார்கள். ஒரு ஆட்டோக்காரன் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தான். கல்லறை வாசலில் கூட்டம். ஸ்டாண்டின் மேல் மஞ்சளும் வெள்ளையுமாகச் செவ்வந்தி. பின்னால் காந்தா.

"அக்கா. நான்தான் ஊத்தினேன். அவரு குடிக்கல. ரெண்டே பொட்டு வெச்சேன். நான்தான் சட்டைல ஊத்தினேன்."

அப்படித்தான் சொன்னான். ஆனால் காதில் விழுந்தது வேறு. குழறல். எச்சில். நடுநடுவே 'ஊத்தினேன், ஊத்தினேன்' மட்டும். பூ வாங்க நின்றவர்கள் விலகினார்கள். யாரோ, ஊத்தினது தெரியுதுப்பா, போய்ப் படு என்றார்கள். சிரிப்பு. அவன் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னான். மெழுகுவர்த்திகள் உருண்டன.

காந்தா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இரக்கம் இருந்தது.

"வூட்டுக்குப் போ நோயலு. குடிச்சவன் பேச்சக் கேக்கறத நான் எப்பவோ வுட்டுட்டேன்."

அடுத்த ஆளுக்குப் பூ அளக்கத் திரும்பிக்கொண்டாள்.

அவன் கேட்டுக்குள் போனான். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மெழுகுவர்த்தி. மெழுகு வாடை, ஈர மண் வாடை, ஊதுவத்தி. ஜெபம் முணுமுணுக்கும் குரல்கள். நடுவே பிரிஜெட் மண்டியிட்டிருந்தாள். நிமிரவில்லை. கடைசி வரிசை. சுவரோரம். அங்கே சின்னப்பாவின் இடம் ஒன்று மட்டும் வெளிச்சமில்லாமல் இருந்தது.

யாரோ உட்கார்ந்திருந்தார்.

மேலே சட்டை இல்லை. நெஞ்சு இருக்க வேண்டிய இடம் உள்ளே போயிருந்தது. மடியில் ஒரு சட்டையை வைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். அவசரமில்லாமல். துணியிலிருந்து சாராயம் கம்பியாக ஒழுகி மண்ணில் விழுந்தது. பிழிந்தார். ஒழுகியது. நிற்கவில்லை. சுற்றிலும் மண் சேறாகிக் குழைந்திருந்தது. அங்கே புல்லே முளைத்ததில்லை.

நோயலின் காலடிச் சத்தத்தில் அவர் தலை நிமிர்ந்தது. முகத்தில் கோபம் இல்லை. களைப்பு மட்டும். ஒரு ஆளால் ஆகாத வேலை என்பதுபோல, முறுக்கிய சட்டையின் மறுமுனையை அவன் பக்கம் நீட்டினார்.

நோயல் பிடித்துக்கொண்டான்.

கனத்தது. அவர் வலப்பக்கம் முறுக்கினார். அவன் இடப்பக்கம் முறுக்கினான். ஒழுகியது. பின்னால் ஒவ்வொரு குடும்பமாக எழுந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மெழுகுவர்த்திகள் வரிசை வரிசையாக அணைந்துகொண்டு வந்தன. அவர் முறுக்கினார். அவன் முறுக்கினான். ஒழுகியதில் பாதம் முழுகியது. கணுக்கால் முழுகியது. சட்டை இன்னும் நனைந்தே இருந்தது.